நாலு மணிக்கு ஊதும் வயிறு: ஓர் ஆசிரியையின் உப்புசமும் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக் குறிப்பும்

“மதியத்துக்கு மேல பாவாடை நாடாவ ஒரு தடவ அவுத்துக் கட்டணும் டாக்டர். நாலு மணிக்கு இன்னொரு தடவ. வீட்டுக்குப் போனதும் நைட்டிதான்.”

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், அந்த ஆசிரியை ஆயுர்வேத மருத்துவனான என் முன்னால் உட்கார்ந்து முதலில் சொன்னது இது. வயிற்று உப்புசத்துக்கு இவ்வளவு துல்லியமான வாக்குமூலத்தை நான் அதிகம் கேட்டதில்லை. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊதத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு உச்சம். தூங்கி எழுந்தால் வடிந்திருக்கும். 14 மாதங்களாக இப்படியே.

வயது 46. கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இந்தக் குறிப்பில் விட்டுவிட்டேன். உப்புசத்தோடு சேர்ந்து அவர் சொன்னவை: சாப்பிட்டதும் தொடர் ஏப்பம், தொப்புளுக்குக் கீழே கடமுட சத்தம், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இறுகிய மலம், போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு. எழுந்திருக்கும்போது, வயிற்றோடு சம்பந்தமில்லாத தனிக் குறைபோல இன்னொன்றையும் சொன்னார். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். அதையும் குறித்துக்கொண்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குள் அவர் செய்து பார்த்த வைத்தியங்கள் நிறைய. அமிலம் குறைக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் தானாகவே வாங்கி ஐந்து மாதம் விழுங்கியிருக்கிறார். வாயுவுக்கு சிரப். வாரத்தில் மூன்று நான்கு நாள் இஞ்சிச் சோடா. சோடா குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், இறங்கியதுபோல இருக்கும், அரைமணியில் பழைய நிலை. அந்த ஏப்பத்தில் வெளியே வருவது பெரும்பாலும் சோடாவோடு உள்ளே போன கரியமில வாயுதான் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சோடாவை அன்றே நிறுத்தினார்.

நாடி பார்ப்பதற்கு முன்

உப்புசம் என்று வருகிறவர்களிடம் சில கேள்விகளைக் கேட்காமல் நான் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. எடை தானாக இறங்குகிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? ரத்தசோகை? நிற்காத வாந்தி? தூக்கத்தைக் கலைக்கும் வலி? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கி விடாமல் நிற்கும் உப்புசம் என்றால் சினைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொள்வது பல நேரம் இப்படித்தான்: வயிறு ஊதும், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், சிறுநீர் அடிக்கடி வரும். அதை வாயு என்று எண்ணி மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்களின் துயரத்தை எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் அறிவோம். என் மருத்துவமுறை மேல் எனக்குள்ள மரியாதைதான் இந்தப் பரிசோதனைகளைக் கேட்கச் சொல்கிறது.

இவருக்கு வயிற்று ஸ்கேனில் கருப்பை, சினைப்பை, கல்லீரல், பித்தப்பை எல்லாம் இயல்பு. ஹீமோகுளோபின் 11.4; கொஞ்சம் குறைவு, மாதவிடாய் அதிகம் போவதால் இருக்கலாம். தைராய்டு டி.எஸ்.எச். 3.1, இயல்பு. கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை எதிர்மறை. இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர் அந்தக் காலத்தில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவை நம்ப முடியாது. இவர் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நம்பலாம். எடை மாறவில்லை. வயிற்றை ஊதவைக்கக்கூடிய சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. இப்படி உறுப்பில் கோளாறு எதுவும் தெரியாமல் வரும் உப்புசத்துக்கு நவீன மருத்துவத்தில் ‘செயல்சார் உப்புசம்’ என்று பெயர். இத்தகைய குடல் தொல்லைகளுக்காக 2016-இல் வந்த நான்காம் ரோம் வரையறைப்படி, ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாளாவது தொல்லை தந்திருக்க வேண்டும். இவருக்கு வாரத்தில் ஆறு நாள்.

ஆரோக்கியமாகச் சாப்பிட்டதில் வந்த வினை

14 மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “சுகர் டெஸ்ட் எடுத்தேன்” என்றார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய படி. பலரும் ‘பரவாயில்லை’ என்று மடித்து வைத்துவிடும் எண்தான். ஆனால் இவருடைய அம்மாவுக்கு சர்க்கரையால் முதலில் கால்விரல் போயிற்று, பிறகு பாதம், கடைசியில் சிறுநீரகம். அந்தக் கடைசி இரண்டு வருடமும் அம்மாவைக் குளிப்பாட்டி, கட்டுப் பிரித்துக் கட்டியவர் இவர்தான். எண்ணைப் பார்த்த அன்று மாலையே சமையலறையை மாற்றிவிட்டார்.

புதிய ஒழுங்கு இது. காலை ஏழரைக்கு நின்றுகொண்டே குளிர்ந்த பாலில் ஓட்ஸ், ஓர் ஆப்பிள். பதினொரு மணி இடைவேளையில் முளைகட்டிய பயறு, பச்சையாக. மதியம் காலையில் கட்டிய ஆறிப்போன சப்பாத்தி, வெள்ளரி–வெங்காயம்–முட்டைக்கோஸ் சாலட். அதையும் நோட்டுத் திருத்திக்கொண்டே பத்து நிமிடத்தில். மாலை நாலரைக்குப் பசியில்லாவிட்டாலும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ‘புரோட்டீன் வேணும்ல’ என்று. இரவு பத்து மணிக்குக் கணவர் கடை அடைத்து வந்த பிறகு சேர்ந்து சப்பாத்தியும் கடலைக் கறியும். நாளுக்கு ஐந்து டீ. தண்ணீர் மிகக் குறைவு. காரணம் கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஸ்கூல்ல பாத்ரூம் போக முடியாது டாக்டர்” என்றார்.

இந்தப் பட்டியலில் தனியாகப் பார்த்தால் கெட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. எந்தப் பத்திரிகையும் பரிந்துரைக்கும் உணவுதான். ஆனால் எங்கள் சாஸ்திரத்தின் கண்ணால் பார்த்தால், காலையிலிருந்து இரவு வரை வறட்சியும் குளிர்ச்சியும்தான் உள்ளே போயிருக்கின்றன. வாயுவை வளர்க்கும் குணங்கள் என்று ஆயுர்வேத மூலநூல் ஆசிரியர் சரகர் சொல்பவற்றில் இரண்டு. நெய் இல்லை, எண்ணெய் இல்லை, சூடு இல்லை. முப்பது வருடமாகச் சோறும் குழம்பும் மோரும் பழகிய குடலுக்கு ஒரே நாளில் இத்தனை நார்ச்சத்து.

மற்ற கண்ணால் பார்த்தாலும் கதை ஒத்துப்போகிறது. கடலையிலும் பயற்றிலும் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சிலருக்கு மீத்தேனும் உண்டாக்குகின்றன. கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஃபிரக்டான், ஆப்பிளில் உள்ள ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும், பாலில் உள்ள லாக்டோஸ் எல்லாம் இதே வகை. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் ‘ஃபாட்மேப்’ என்று ஒரு பெயர் வைத்து வகைப்படுத்தியது இவற்றைத்தான். இவர் அறியாமல் அந்தப் பட்டியலில் பாதியை ஒவ்வொரு நாளும் சாப்பிட்டிருக்கிறார்.

விஷமாக்னி

நாக்கில் மெல்லிய வெண்படிவம். வயிற்றைத் தட்டினால் முரசுச் சத்தம், எங்கும் கட்டியோ அழுத்தினால் வலியோ இல்லை. பசி ஒருநாள் அகோரமாக, ஒருநாள் இல்லவே இல்லை. சாப்பாடு சில நாள் நன்றாகச் செரிக்கும், அதே சாப்பாடு மறுநாள் கல்லாக நிற்கும். அக்னியை, அதாவது செரிமான நெருப்பை, நான்காகப் பிரிக்கும்போது இதைத்தான் விஷமாக்னி என்கிறோம். வாயு ஊதி ஊதி ஏற்றியும் இறக்கியும் விடும் அடுப்பு. செரிமான நெருப்பின் பக்கத்தில் இருந்து அதைத் தூண்டுவது ஸமான வாயு. கீழே தள்ளுவது அபான வாயு. கீழ்வழி அடைபட்டால் மேலே திரும்பும். ஏப்பம், உப்புசம், கடமுட சத்தம் மூன்றையும் இந்த ஒரு வரியால் விளக்கிவிடலாம். நோயின் பெயர் ஆத்மானம்.

நிதானம், அதாவது காரணம், மூன்று. முந்தைய சாப்பாடு செரிக்குமுன் அடுத்தது: அத்யசனம், நாலரை மணிச் சுண்டல் அதுதான். நேரமும் அளவும் மாறி மாறிச் சாப்பிடுவது: விஷமாசனம். மூன்றாவது, உடலின் இயல்பான உந்துதல்களை அடக்குவது: வேகதாரணம்.

இந்த மூன்றாவதில்தான் நான் அதிகம் நின்றேன். சரகர் தம் நூலின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அடக்கக் கூடாத 13 வேகங்களைச் சொல்கிறார். சிறுநீர், மலம், கீழ்வாயு, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம் என்று நீளும் அந்த வரிசையில், மலவேகத்தை அடக்கினால் என்னென்ன வரும் என்றும் எழுதியிருக்கிறார்: அடிவயிற்று வலி, தலைவலி, வாயுவும் மலமும் வெளியேறாமை, ஆத்மானம், அப்புறம் கெண்டைக்கால் இழுப்பு. முதல் நாள் எழுந்துபோகும்போது இவர் தனிக் குறையாகச் சொன்னாரே, அது. கால் இழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, தண்ணீர் குறைவாகக் குடிப்பதே போதும். ஆனாலும் இத்தனை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் நோயாளிகளை உட்கார்த்திவைத்துக் கேட்டு எழுதிய அந்த வரிசையின் முன் எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை.

காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புகிறார். பள்ளியில் ஆசிரியைகளுக்கான கழிப்பறையில் ஒன்று பூட்டியே கிடக்கிறது, மற்றொன்றில் தண்ணீர் வராது. ஒன்பது மணிநேரம் அடக்குகிறார். வகுப்பில் கீழ்வாயுவையும் அடக்குகிறார். நாற்பது பிள்ளைகள் முன் வேறென்ன செய்வார்? அடக்கத் தோதாகத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு உப்புசத்தோடும் மலச்சிக்கலோடும் சிறுநீர்க் கடுப்போடும் வரும் ஆசிரியைகள், துணிக்கடைப் பெண்கள், பெண் காவலர்கள் எல்லோரையும் நினைத்துப் பார்க்கிறேன். சூரணம் எழுதிக் கொடுக்கும் முன் ‘நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா’ என்று கேட்காத மருத்துவர், நோயின் பாதியைக் கேட்கவில்லை.

என் முதல் சீட்டில் நடந்த பிழை

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் நான் கொடுத்த சீட்டில் ‘சேர்க்கக் கூடாதவை’ என்று 23 பொருள்கள் இருந்தன. கடலை, பயறு, பட்டாணி, முட்டைக்கோஸ், வெங்காயம், மரச்சீனிக் கிழங்கு, உருளை, பால், கோதுமை என்று. கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்று விடாமல் கடைப்பிடித்தார். பத்து நாள் கழித்து வந்தபோது எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது, தலைவலி, எரிச்சல். உப்புசம் ஓரளவு குறைந்திருந்தது உண்மைதான். ஆனால், “எதைப் பாத்தாலும் பயமா இருக்கு டாக்டர். சர்க்கரைக்கு ஒரு லிஸ்ட், வாயுவுக்கு ஒரு லிஸ்ட். ரெண்டுலயும் இல்லாதது வெந்நீர்தான்” என்றார்.

சரகர் நூலில் விமானஸ்தானம் என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கு உண்டு. நல்ல உணவை அளவாகச் சாப்பிட்டாலும் கவலை, துக்கம், பயம், கோபம், தூக்கமின்மை இருந்தால் அது செரிக்காது என்று. மாணவனாக அதை மனப்பாடம் செய்தவன், முதல் சீட்டில் அந்தப் பயத்துக்கே உரம் போட்டிருக்கிறேன். பட்டியலை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, வேறு ஒரு தாளில் அவருடைய நாளை மணிவாரியாக எழுதச் சொன்னேன். என்ன சாப்பிடுவது என்பதைத் தள்ளிவைத்து, எப்போது, எப்படி என்பதிலிருந்து தொடங்கினோம். இந்த நிகழ்வில் நான் கற்றது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மணியை மாற்றியது

காலை ஐந்தே காலுக்கு ஒரு டம்ளர் வெந்நீர். டீ அதற்குப் பிறகு. ஐந்தரைக்குக் கழிப்பறையில் பத்து நிமிடம், வேகம் வந்தாலும் வராவிட்டாலும், பாதத்துக்கு அடியில் ஒரு சிறு பலகை வைத்து, போன் இல்லாமல். முதல் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் நடந்தது. மூன்றாவது வாரத்தில் நாள்தோறும் என்றானது. மலச்சிக்கலுக்குத் தனி மருந்து கொடுக்கவில்லை.

காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு, உட்கார்ந்து. கஞ்சியும் சிறுபயறும். இந்த மாவட்டத்தில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அம்மா வீட்டில் இருந்ததுதான். பழைய சிவப்பரிசி, இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்த சிறுபயறு, ஒரு ஸ்பூன் நெய், தேங்காய்த் துவையல் கொஞ்சம். பயறு வகைகளில் லேசானது சிறுபயறு என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. ஊறவைத்த நீரைக் கொட்டுவது வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை வெளியேற்றும் என்பது வேதியியலின் கணக்கு. ‘அரிசி’ என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது. எனவே குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்து அவரே பார்க்கும்படி சொன்னேன். முதல் நாள் 138. ஓட்ஸும் ஆப்பிளும் சாப்பிட்ட நாளில் 141. அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகுதான் அவர் கஞ்சியை நிம்மதியாகக் குடித்தார்.

மதியம்தான் பெரிய சாப்பாடு. சோறு அளவாக, இரண்டு வேகவைத்த காய், ரசம், நிறையத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோர், அதில் சுக்கும் கறிவேப்பிலையும். பச்சைக் காய்கறி சாலட்டை நிறுத்தினோம். 20 நிமிடம், நோட்டு இல்லாமல், முடிந்தவரை பேசாமல். ‘பேசாமல், சிரிக்காமல், மனதை அதில் வைத்து உண்’ என்று சரகர் சொல்வதைச் சிலர் ஆசாரம் என்று நினைக்கிறார்கள். பேசிக்கொண்டே விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. ஆறு பாடவேளை பேசிவிட்டு வருபவருக்கு அந்த 20 நிமிட மௌனம் மருந்து. அளவுக்கு, இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான வாக்படர் சொன்ன வழி: வயிற்றை நான்காகப் பிரித்தால் இரண்டு பங்கு திட உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு வாயுவுக்குக் காலி. சாப்பிட்டதும் வராந்தாவில் நூறு அடி மெல்ல நடை.

மாலையில் பசித்தால் மட்டும் சிற்றுண்டி. இந்த ‘பசித்தால் மட்டும்’ அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது என்றார்.

இரவுச் சாப்பாடுதான் போராட்டம். ஏழரைக்குள் முடிக்கச் சொன்னேன். 22 வருடமாகக் கணவரோடு சேர்ந்து சாப்பிட்டவர். “அவரத் தனியா சாப்பிட விட்டா எனக்குத் தொண்டைல இறங்காது” என்றார். இதை ‘சும்மா பழக்கம்’ என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டார்: ஏழரைக்கு இரண்டு இட்லியோ கொஞ்சம் ரவைக் கஞ்சியோ சாப்பிட்டுவிடுவது, பத்து மணிக்குக் கணவர் சாப்பிடும்போது சீரகத் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. வாரம் இரண்டு நாள் தவறிவிடும். அந்த இரண்டு நாளும் மறுநாள் நோட்டில் தெரிந்தது.

மருந்து என்று கொடுத்தது ஒன்றே: ஹிங்வஷ்டக சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. மதியச் சோற்றின் முதல் கவளத்தில் கால் டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் நெய்யோடு பிசைந்து. 21 நாள் மட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் உருண்டைக்குக் கொடுக்கும் அங்காயப் பொடியின் முறையும் இதுவே. பசியை முதல் கவளத்திலேயே எழுப்பிவிடுவது. நெஞ்செரிச்சல், குடல்புண், கர்ப்பம் இருப்பவர்கள் இதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் கணக்கில் வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரம் மைதா கலந்திருக்கும் என்பதையும் கோதுமை ஆகாதவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே விழுங்கிவந்த அமில மாத்திரையை அவருடைய பொது மருத்துவரிடம் பேசிப் படிப்படியாக நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். மற்ற நாள் இரவில் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொப்புளைச் சுற்றி வலமாகத் தேய்த்து, வயிறு ஏறி இறங்கும்படி பத்து நிமிட மூச்சு. இந்த மூச்சுக்கு ஒரு காரணம் உண்டு. உப்புசம் உள்ள பலருக்குக் குடலில் வாயு மற்றவர்களைவிட அதிகம் இருப்பதில்லை என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உதரவிதானம் கீழே இறங்கி, முன்வயிற்றுத் தசை தளர்ந்துவிடுவதால் வயிறு முன்னே தள்ளுகிறது. தசைக்குப் பழக்கினால் திரும்பவும் உள்ளே போகும்.

நாலாவது வாரத்துத் தேக்கம்

அளவுக்கு இரண்டு கருவிகள் வைத்தோம். காலை எழுந்ததும் இரவு எட்டுக்கும் தொப்புள் மட்டத்தில் டேப். தொல்லைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். தொடங்கும்போது காலை 82 செ.மீ., இரவு 89.5. மதிப்பெண் 8. நாலாம் வாரம் இரவு அளவு 87, மதிப்பெண் 6. மலம் சரியாகிவிட்டது, கால் இழுப்பு நின்றுவிட்டது, தூக்கம் வந்தது. உப்புசம் மட்டும் அங்கேயே நின்றது. பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 84. கழிப்பறை ஒரு காரணம், தெரியும். வேறு என்ன?

“ஸ்கூல்ல மட்டும் வாய்ல போடுறது ஏதாவது உண்டா டீச்சர்?” என்று கேட்டேன். கைப்பையைத் திறந்தார். தொண்டை வறளாமல் இருக்க சர்க்கரை இல்லாத மிட்டாய், நாளுக்கு எட்டு பத்து. ‘சாப்பாடு’ என்று அவர் மனதில் பதியாததால் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. பின்பக்கம் எழுதியிருந்தது: சார்பிட்டால், மால்டிட்டால். குடல் சரியாக உறிஞ்சாத இனிப்புகள், நேராகப் பெருங்குடலில் போய்ப் புளிப்பவை. போதாக்குறைக்கு மிட்டாய் சப்பும்போது காற்றும் சேர்ந்து உள்ளே. அதிமதுரத் துண்டு என்றால் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்பதால், பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து வாய் நனைத்துக்கொள்ளச் சொன்னேன். சர்க்கரைக்குப் பயந்து வாங்கிய மிட்டாய் அது. கோபப்பட என்ன இருக்கிறது?

அதே வாரம் அவர் பள்ளியிலும் ஒரு காரியம் செய்தார். ஆறு ஆசிரியைகள் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்து, பூட்டிக்கிடந்த கழிப்பறையின் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். குழாய் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. சாவி இப்போது ஆசிரியர் அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மற்ற ஐந்து பேரும் எனக்கு நோயாளிகள் அல்ல, ஆனால் அவர்களில் எத்தனை பேருடைய வயிற்றுக்கு அந்தச் சாவி நல்லது செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் வாரம்: இரவு அளவு 84.5, மதிப்பெண் 3. பன்னிரண்டாம் வாரம்: காலை 81, இரவு 83, மதிப்பெண் 2. மோசமான நாள் வாரத்துக்கு ஆறிலிருந்து ஒன்று. முதலில் இழந்த ஒன்றரைக் கிலோவில் ஒரு கிலோ திரும்பியது. எச்.பி.ஏ.1.சி. 6.0. சோறு சாப்பிட்டும் ஏறவில்லை என்ற அளவில் அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்த எண்ணை அடுத்து ஆறு மாதத்தில் பார்க்க வேண்டும்.

இதில் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பல மாற்றங்கள் ஒரே காலத்தில் நடந்தன. ஒரே ஒரு நோயாளி. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. செயல்சார் உப்புசம் தானாகவே ஏறி இறங்கக்கூடியது, பொறுமையாகக் கேட்கும் ஒருவர் கிடைத்தாலே சிலருக்குக் குறையும். அதே சூரணத்தை வாங்கி, பத்து மணிக்கே சாப்பிட்டுக்கொண்டு, நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பவருக்கு இதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஓணமும் அதற்குப் பிறகும்

பன்னிரண்டாம் வாரம் முடிந்த சில நாளில் ஓணம். முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்த மண் இது; மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அண்ணன் வீட்டில் சத்யா என்ற ஓண விருந்து. பருப்பு, அவியல், ஓலன், எரிசேரி, அடைப் பாயசம், பருப்புப் பாயசம். போகலாமா என்று போனில் கேட்டார். போங்க டீச்சர், இலையில் முதலில் வைக்கும் இஞ்சிக் கறியை விடாதீங்க, கடைசியில் மோரும் விடாதீங்க என்றேன். போனார், நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு நாள் வயிறு ஊதியது. முன்பென்றால் மாத்திரைக்கு ஓடியிருப்பார். இந்தத் தடவை அன்றிரவு ஒன்றும் சாப்பிடாமல் சீரகத் தண்ணீர், மறுநாள் காலை நொய்க்கஞ்சி, பசி வந்த பிறகு சோறு. மூன்றாம் நாள் இரவு அளவு 83.

இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிறோம். துவரம்பருப்பு ஒத்துக்கொண்டது. எண்ணெயில் நன்றாக வதக்கிய வெங்காயம் ஒத்துக்கொண்டது. மட்டி வாழைப்பழம் தினம் ஒன்று. கடலை இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அரைக் கிண்ணத்துக்கு மேல் போனால் மாலையில் நாடாவைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. புட்டுக்கு சிறுபயறு போட்டுக்கொள்கிறார். மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு மூன்று நாள் உப்புசம் மட்டும் குறையவில்லை. சுழற்சி முறை தவறத் தொடங்கியிருக்கும் வயது, அதனால் இருக்கலாம். அந்த நாள்களைத் தாண்டி நீடித்தாலோ, இரண்டு வாயில் வயிறு நிறைந்தாலோ, எடை இறங்கினாலோ, பத்தியத்தைக் கூட்டாமல் நேராக ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.